டிவியில் இரண்டே எச்டிஎம்ஐ, வீட்டில் நாலு கன்சோல்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட், ஒரு ஏவி இன்புட். வாங்கிய அன்று தாராளம் என்றுதான் தோன்றியது. ஒரு எச்டிஎம்ஐயில் ஃபயர் ஸ்டிக் ஏறிக்கொண்டது. ஏவியில் கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மிச்சம் ஒரே ஒரு போர்ட். அதற்குப் பிளேஸ்டேஷன் ரகத்தில் பிஎஸ்4, பிஎஸ்3, அதோடு நின்டெண்டோ ஸ்விட்ச் என்று மூன்று வீடியோ கேம் கன்சோல்கள் வரிசையில் நிற்க, பரணிலிருந்து இறங்கிவந்த பிஎஸ்2 நாலாவதாக ஏவியைக் கேட்டு நின்றது.

பெட்டிகள் கூடினால் நடுவில் சுவிட்ச், கன்வெர்ட்டர், கேபிள் என்று சாமான்களும் கூடும். ஏதாவது ஒரு நாள் திரை கறுப்பாக நிற்கும். உடனே கடைக்கு ஓடிப் புதுக் கேபிள் வாங்குவோம். நானும் வாங்கியிருக்கிறேன், மேசை டிராயரில் ஒன்பது கேபிள் கிடக்கிறது. ஆனால் பெரும்பாலான நேரம் எதுவும் கெட்டிருக்கவில்லை. ஒரு பெட்டி சொன்னது இன்னொரு பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எங்கே நின்றது என்பதைத் திரையில் தெரியும் அறிகுறியே காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். நின்டெண்டோ ஸ்விட்சும் சுவிட்ச்தான், பல எச்டிஎம்ஐயை ஒன்றாக்கும் பெட்டியும் சுவிட்ச்தான். இங்கே கன்சோலை நின்டெண்டோ என்றும், மற்றதைச் சுவிட்ச் பெட்டி என்றும் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

நடுவில் இருக்கும் அத்தனையையும் கழற்றுங்கள். ஒரு கன்சோல், ஒரு கேபிள், நேராக டிவி. படம் வந்தால் கன்சோலும் கேபிளும் டிவி போர்ட்டும் நன்றாக இருக்கின்றன; கோளாறு கழற்றி வைத்ததில் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் படம் போகிறதோ அதுதான் ஆள். நேராகச் செருகியும் வரவில்லையென்றால் கேபிளை மட்டும் மாற்றுங்கள், அடுத்து போர்ட்டை மட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

எச்டிஎம்ஐ கேபிளில் தகவல் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்சோலை இணைத்ததும் டிவி தன் ஜாதகத்தை அனுப்பும்: இன்ன அளவுப் படம் காட்டுவேன், இன்ன வேகம் தாங்குவேன், இன்ன ஒலி வாங்குவேன் என்று. இதற்கு ஈடிஐடி என்று பெயர். அதைப் படித்த பிறகே கன்சோல் படத்தை அனுப்பும். கூடவே எச்டிசிபி என்ற பூட்டு ஒன்று. நகலெடுக்கிற கருவிக்குப் படம் போய்விடக்கூடாது என்பதற்காக இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக்கொள்ளும். நடுவில் உட்காரும் பெட்டி இந்த இரண்டையும் பிசகாமல் கடத்த வேண்டும். மலிவான பெட்டிகள் தடுமாறும் இடம் இதுதான்.

"நோ சிக்னல்" என்றே நிற்கிறது

டிவி ரிமோட்டில் சோர்ஸ் சரியாக இருக்கிறதா? சிரிக்காதீர்கள். போர்ட்டின் மேல் 2 என்று எழுதியிருக்கும், நாம் 1-இல் காத்துக்கொண்டிருப்போம். சுவிட்ச் பெட்டி வந்த பிறகு தேர்வு செய்யும் இடமே இரண்டாகிவிடுகிறது: டிவியில் ஒன்று, பெட்டியில் ஒன்று. இரண்டும் பொருந்தினால்தான் படம்.

அடுத்து, வாங்கிவந்தது சுவிட்ச் பெட்டிதானா என்று பாருங்கள். நான் முதலில் வாங்கியது ஸ்ப்ளிட்டர். ஒரு கன்சோலின் படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துக் கொடுப்பது அது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனக்கோ இரண்டு கன்சோலை ஒரு டிவிக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பி மாட்டினால் வேலை செய்யுமா என்று ஒரு மாலை முழுக்கப் போராடினேன். செய்யாது. பெட்டியில் "இன்புட்" என்று மூன்று துளையும் "அவுட்புட்" என்று ஒன்றும் இருந்தால் சுவிட்ச். இன்புட் ஒன்று, அவுட்புட் பல என்றால் ஸ்ப்ளிட்டர். மறுநாள் மாற்றப் போனபோது கடைக்காரர் கேட்ட ஒரு கேள்வியை முந்தின நாளே கேட்டிருக்கலாம்: "தம்பி, ஒண்ணை ரெண்டாக்கணுமா, ரெண்டை ஒண்ணாக்கணுமா?" நீங்கள் கடைக்குப் போனால் பெயரைச் சொல்லாமல் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். இருபுறமும் வேலை செய்யும் இரண்டு துளைப் பெட்டிகளும் உண்டு. ஆனால் அதில் மூன்றாவது கன்சோலுக்கு இடமில்லை.

சுவிட்ச் பெட்டிக்கு மின்சாரம் போகிறதா? தனி அடாப்டர் இல்லாத பெட்டிகள் கன்சோலின் எச்டிஎம்ஐயில் வரும் 5 வோல்ட்டைக் குடித்தே ஓடுகின்றன. அந்த 5 வோல்ட்டை 55 மில்லிஆம்பியர் வரை கொடுத்தால் போதும் என்பதே கன்சோலுக்கு உள்ள கட்டாயம். நீளமான கேபிளும் சேர்ந்தால் பெட்டி பட்டினி கிடக்கும். பெட்டியின் ஓரத்தில் சின்ன யூஎஸ்பி துளை இருந்தால் பழைய மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். உறங்கிக் கிடந்த விளக்கு எரிந்தால் விஷயம் முடிந்தது.

இவ்வளவும் சரி, இன்னும் இருட்டு என்றால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைப்பது கணக்கில் வராது; அப்போதும் உள்ளே பாதி உயிர் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு முதலில் டிவி, அடுத்து சுவிட்ச் பெட்டி, கடைசியில் கன்சோல் என்ற வரிசையில் போடுங்கள். ஜாதகம் வாசிக்கிற நேரத்தில் டிவி விழித்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

ஒரு கன்சோலில் மட்டும் "நோ சிக்னல்", மற்றவை நலம்

இங்கே சந்தேகம் அந்தக் கன்சோல் மேல்தான். அது வேறொரு டிவியில் பழகிய அளவை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த டிவி காட்ட முடியாத படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். திரையே இல்லாமல் மெனுவுக்குப் போக முடியாதே! அதற்காகத்தான் ஒவ்வொரு கன்சோலிலும் ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள்.

பிஎஸ்3-இல் இது நித்திய பிரச்சினை. ஏவி கேபிளில் ஓடிக்கொண்டிருந்ததை எச்டிஎம்ஐக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஏவியிலேயே படம் அனுப்பிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கு எரியும் நிலையில் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதல் "பீப்" வரும், விடாதீர்கள். ஐந்து நொடி கழித்து இரண்டாவது வரும். அப்போது விட்டால் படத்துக்கான செட்டிங் அழிந்து, எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று அதுவே தேடும். செகண்ட் ஹேண்டில் பிஎஸ்3 வாங்கிவந்து "டெட் பீஸ்" என்று நினைத்த ஒன்றை இந்த இரண்டாவது பீப்தான் பிழைக்க வைத்தது.

பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் முழுவதுமாக அணைத்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஏழு நொடி வாக்கில் இரண்டாவது பீப். சேஃப் மோட் திறக்கும். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் மாட்ட வேண்டும், வயர்லெஸ் அங்கே எடுபடாது. கையில் இருப்பது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் பட்டன் வேலை செய்யாது. அதைப் பார்த்து கன்ட்ரோலர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பட்டியலில் இரண்டாவதாக வருவது படத்தின் அளவை மாற்றும் தேர்வு. அதே பட்டியலில் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வுகளும் கீழே இருக்கின்றன, அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் உள்ளே டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு, அணைத்து, பவரையும் எஜெக்ட் பட்டனையும் சேர்த்துப் பிடித்து இரண்டாவது பீப் வரை காத்திருந்தால் 640க்கு 480 என்ற சின்ன அளவில் எழும். பழைய எக்ஸ்பாக்ஸ் 360-இல், கன்சோல் எழும்போது கன்ட்ரோலரில் ஒய் பட்டனையும் வலது டிரிக்கரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். 2005-இல் வந்த முதல் 360-களில் எச்டிஎம்ஐ துளையே கிடையாது, 2007 முதல்தான் வந்தது. உங்களிடம் இருப்பது முதல் ரகம் என்றால் தேடாதீர்கள்.

நின்டெண்டோவின் கதை வேறு. படம் கன்சோலிலிருந்து நேராக வருவதில்லை, அதைச் செருகி நிறுத்தும் டாக் என்ற தாங்கி வழியாக வருகிறது. டாக்குக்கு வேண்டியது 15 வோல்ட் 2.6 ஆம்பியர், அதாவது 39 வாட் கொடுக்கும் அதன் சொந்த அடாப்டர். மொபைல் சார்ஜரைச் செருகினால் கன்சோல் சார்ஜ் ஏறும், டிவியில் மட்டும் ஒன்றும் வராது. இதனால் எச்டிஎம்ஐ கேபிளைப் பழிக்கிறவர்கள் நிறைய. சொந்த அடாப்டரிலும் வரவில்லையென்றால் அதை இரு முனையிலும் கழற்றி ஒரு நிமிடம் விட்டு, முதலில் டாக்கில், பிறகு சுவரில் செருகுங்கள். ஸ்விட்ச் லைட் (Lite) மாடலாக இருந்தால் அதில் டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே இல்லை. 2025-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கும் பழைய டாக் ஒத்துவராது. அதற்கென்று தனி டாக், கூடுதல் வாட் அடாப்டர்.

டிவிக்குப் பதில் கம்ப்யூட்டர் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் காலியாக இருக்கிறதென்று எச்டிஎம்ஐயிலிருந்து அதற்கு மாற்றும் சாதாரணக் கேபிளை வாங்காதீர்கள். அந்த மலிவுக் கேபிள்கள் கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் போகும் திசையில் மட்டுமே வேலை செய்யும். கன்சோலிலிருந்து மானிட்டருக்கு என்றால் மின்சாரம் கொடுக்கிற, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

படம் வருகிறது, இரண்டு நொடி கறுப்பாகிறது, மறுபடி வருகிறது

சில நேரம் இருட்டான காட்சியில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்கும், நட்சத்திரம் சிதறியதுபோல. இது பெரும்பாலும் வேகப் பிரச்சினை. கேபிளோ பெட்டியோ தாங்கும் அளவுக்கு மேல் தகவல் ஓடுகிறது.

1080பி, அதாவது 1080 வரிகள் கொண்ட படம் நொடிக்கு 60 முறை வர சுமார் 4.5 ஜிகாபிட் போதும். பத்து வருடம் பழைய கேபிளும் அதைத் தாங்கும். அதே 60-ஐ, நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே-வில் கேட்டால் ஏறத்தாழ 18 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4 பெட்டியின் உச்சம் 10.2, 2.0-வுக்கு 18, 2.1-க்கு 48. பெட்டி அட்டையில் "4கே" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது 4கே-வை நொடிக்கு 30 முறை மட்டும் காட்டும் 1.4 ரகமாக இருக்கலாம். 60 என்ற எண்ணும், 18 ஜிகாபிட் என்ற எண்ணும் கண்ணில் பட்டால்தான் நம்புங்கள்.

சோதிக்கச் சுலபமான வழி: கன்சோலின் செட்டிங்கில் படத்தை 1080பி-க்கு இறக்குங்கள். மினுக்கல் நின்றால் கோளாறு வேகத்தில்தான். பிஎஸ்5-இல் வீடியோ அவுட்புட் பக்கத்தில் 4கே டிரான்ஸ்ஃபர் ரேட் என்று ஒரு தேர்வு உண்டு. அதை மைனஸ் 1, மைனஸ் 2 என்று இறக்கினால் அளவு குறையாமலேயே சுமை குறையும். நிறத்தில் வரும் சின்ன வித்தியாசம் சோபாவிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

நீளமும் கூடிக்கொண்டே போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கன்சோலிலிருந்து சுவிட்ச் பெட்டிக்கு மூன்று மீட்டர், அங்கிருந்து டிவிக்கு இன்னொரு மூன்று மீட்டர். சில பெட்டிகள் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும், பல அனுப்பாது. முடிந்தவரை பெட்டியை டிவிக்குப் பின்னாலேயே ஒட்டிவிட்டு, அரை மீட்டர் கேபிளில் டிவியோடு இணையுங்கள். இரண்டு சுவிட்ச் பெட்டிகளை அடுத்தடுத்து மாட்டுவது, கேபிளை ஜாயின்டர் போட்டு நீட்டுவது, இரண்டையும் நான் கைவிட்டுவிட்டேன்.

4கே 120, எச்டிஆர் எதுவுமே தேர்வில் காட்டவில்லை

4கே 120 என்றால் 4கே படம் நொடிக்கு 120 முறை; எச்டிஆர் என்றால் வெளிச்சமும் இருட்டும் கூடுதல் நுணுக்கமாகத் தெரியும் படம். முதலில் டிவி செட்டிங். பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் கடையிலிருந்து வரும்போது குறைந்த வேகத்திலேயே இருக்கும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட் என்று ஆளுக்கொரு பெயர். எந்த போர்ட்டோ அதற்குத் தனியாகப் போட வேண்டும்.

அப்புறம், எல்லா போர்ட்டும் ஒன்றல்ல. நாலு போர்ட் உள்ள டிவியிலும் 120 தாங்குபவை இரண்டாக மட்டும் இருப்பது சகஜம். அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கும். பிஎஸ்5, சீரீஸ் எக்ஸ், சவுண்ட்பார் மூன்றும் வைத்திருப்பவர் தலையில் கை வைக்கும் இடம் இது. நான் என்றால் சுவிட்ச் பெட்டியில் காசைப் போடாமல், 120 உண்மையில் தேவைப்படும் கன்சோலை நேராகச் செருகிவிட்டு மற்றவற்றைப் பெட்டிக்குத் தள்ளுவேன். பிஎஸ்3, பிஎஸ்4, பழைய நின்டெண்டோ மூன்றுக்கும் 1080பி-க்கு மேல் வேண்டியதில்லை. அவற்றுக்கு மலிவான பெட்டியே அமோகம். நாலுக்கும் சேர்த்து 2.1 பெட்டி வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போகக் கார் எடுப்பது மாதிரி.

நடு ஆட்டத்தில் சுவிட்ச் பெட்டி தானே வேறு கன்சோலுக்குத் தாவுகிறது

தானாக மாறும் பெட்டி எந்தத் துளையில் புதிதாக 5 வோல்ட் அல்லது சிக்னல் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். ரெஸ்ட் மோடில் தூங்கும் பிஎஸ்4 அப்டேட் இறக்க நடுவில் கண் விழித்தால் போதும். ஃபயர் ஸ்டிக்கும் செட்டாப் பாக்ஸும் இன்னும் மோசம். அவை தூங்குவதே இல்லை. எதிர்ப்பக்கமும் நடக்கும்: ஒரு கன்சோலை அணைத்தும் அதன் 5 வோல்ட் போகாததால் பெட்டி அதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஓயாத சாதனங்களை டிவியின் நேர் போர்ட்டுக்கு மாற்றி, முழுதாக அணையும் கன்சோல்களை மட்டும் பெட்டியில் வையுங்கள். அது முடியாவிட்டால் ஆட்டோவை நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குகிறவர்களுக்கு என் யோசனை, ரிமோட்டோடு வரும் கைமுறைப் பெட்டி. எழுந்து போய்ப் பொத்தான் அழுத்துவது ஒரு தொந்தரவு, பாஸ் சண்டையின் நடுவில் செட்டாப் பாக்ஸில் சீரியல் வந்து நிற்பது அதைவிடப் பெரிய தொந்தரவு.

பெட்டி தாவாமல் டிவியே சோர்ஸ் மாற்றினால் அது வேறு நோய், சிஇசி. ஒரு சாதனம் எழுந்ததும் டிவியை எழுப்பித் தன் பக்கம் இழுக்கும் வசதி. ஒரு கன்சோல் இருக்கும்போது சுகம், நாலு இருக்கும்போது ஒரே ரகளை. படம் ஓட்டும் கருவிகளுக்கென்று சிஇசி-யில் ஒதுக்கியிருந்தது மூன்றே முகவரிகள். நாலாவதாக வருவது ஒன்று ஊமையாக நிற்கும் அல்லது மற்றதோடு மோதும். அதிகம் பயன்படுத்தும் ஒன்றில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அணைத்துவிடுங்கள். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்ற பெயரில் கிடைக்கும்.

பிஎஸ்2-வை மாட்டினால் படம் கறுப்பு வெள்ளை

இங்கேதான் எனக்குப் பிரியம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம் துளை. சில டிவிகளில் ஏவியும், படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கேபிளில் பிரித்து அனுப்பும் காம்பொனென்டும் ஒரே துளைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. பச்சைத் துளையின் ஓரத்தில் பாதி மஞ்சள் வளையம் இருக்கும், அல்லது "ஒய், வீடியோ" என்று சேர்த்து எழுதியிருக்கும். மஞ்சள் பின்னை அங்கேதான் செருக வேண்டும். ஆனால் சோர்ஸில் காம்பொனென்ட் தேர்ந்தெடுத்திருந்தால், டிவி அந்தத் துளையில் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை மற்ற இரண்டில் தேடும். அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே கறுப்பு வெள்ளை. சோர்ஸை ஏவிக்கு மாற்றினால் நிறம் வந்துவிடும்.

இரண்டாவது, நாடு. இந்தியாவிலும் இலங்கையிலும் டிவி ஒளிபரப்பு வளர்ந்தது பால் (PAL) என்ற முறையில், படம் நொடிக்கு 50 முறை. அமெரிக்கா, ஜப்பான் கன்சோல்கள் என்டிஎஸ்சி (NTSC) முறை, நொடிக்கு 60. நிறத்தைச் சுமக்கும் அலையும் வேறு: அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த கன்சோல் பழைய டிவியில் நிறமில்லாமல் ஓடியதற்கு இதுதான் காரணம். இப்போதைய டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் புரிந்துகொள்ளும். கலர் சிஸ்டம் என்ற செட்டிங்கை ஆட்டோவில் விட்டால் போதும்.

படம் பச்சையாகவோ விநோத நிறத்திலோ வந்தால், அதுவும் காம்பொனென்ட் கேபிளில் என்றால், பிஎஸ்2-வின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்பொனென்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபி-யில் நிற்கும். மஞ்சள் கேபிளை மாட்டி உள்ளே போய் மாற்றிவிட்டு, மறுபடி காம்பொனென்ட் கேபிளுக்கு வாருங்கள். பிஎஸ்1, 2, 3 மூன்றுக்கும் பின்பக்கத் துளை ஒரே ரகம், ஒரு கேபிளை மூன்றிலும் மாற்றி மாற்றிப் போடலாம்.

புது டிவிகளில் மூன்று துளையே இருக்காது. காது போன் துளை போன்ற ஒன்றும், அதற்கு ஒரு குட்டிக் கேபிளும் கொடுப்பார்கள். அது தொலைந்து, வேறொன்றை வாங்கிச் செருகினால் படம் உருளும், அல்லது இரைச்சல் மட்டும் வரும். அந்தப் பின்னில் உள்ள நாலு வளையங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

ஏவி கன்வெர்ட்டர் வாங்கியும் படம் இல்லை

செட்டாப் பாக்ஸ் ஏவியைப் பிடித்துக்கொண்டதால் பிஎஸ்2-க்கு நான் வாங்கியது, ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்னப் பெட்டி. இதே உருவத்தில் நேர் எதிர்த் திசைப் பெட்டியும் விற்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள குட்டி சுவிட்சைப் பாருங்கள். 720பி, 1080பி என்று இருந்தால் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு. நமக்கு வேண்டியது அது. பால், என்டிஎஸ்சி என்று இருந்தால் எதிர்த் திசை. இதற்கும் 5 வோல்ட் யூஎஸ்பி மின்சாரம் கட்டாயம். டிவியின் யூஎஸ்பி போதவில்லையென்றால் படம் வந்து வந்து போகும். சார்ஜரில் மாட்டுங்கள்.

படம் வந்தாலும் கலங்கிய குளம்போலத்தான் இருக்கும். பழைய கன்சோல்களில் பல 240 வரிகளில் ஓடியவை. மலிவுக் கன்வெர்ட்டரும் பல டிவிகளும் அதை 480ஐ, அதாவது இரண்டு பாதியாக மாறி மாறி வரும் படம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு இல்லாத இரண்டாம் பாதியைத் தேடிப் படத்தைக் குழப்பும். இதையே தொழிலாகச் செய்யும் ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி போன்ற கருவிகள் இருக்கின்றன. விலை கன்சோலைவிட அதிகம். வாரம் ஒரு முறை தூசு தட்டி ஆடுகிறவருக்குத் தேவையில்லை என்பது என் கட்சி.

நின்டெண்டோ கம்பெனியின் பழைய வீ (Wii) கன்சோல் வைத்திருப்பவர்கள் அதன் பின்துளையிலேயே ஒட்டிக்கொள்ளும் எச்டிஎம்ஐ குமிழை வாங்கிக்கொள்ளலாம். அதற்குத் தனி மின்சாரம் வேண்டாம். வீயின் உச்சமே 480பி, அட்டையில் 1080பி என்று எழுதியிருந்தாலும்.

படம் இருக்கிறது, சத்தம் இல்லை

மானிட்டரில் டிவிஐ (DVI) என்ற பழைய கம்ப்யூட்டர் ரகத் துளை என்றால் சத்தம் பெரும்பாலும் வராது. பிஎஸ்4, பிஎஸ்5 என்றால் கன்ட்ரோலரில் உள்ள காது போன் துளையே வழி. மற்றவற்றுக்கு ஒலியைப் பிரித்தெடுக்கும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. டிவியிலேயே வரவில்லையென்றால் கன்சோலின் ஒலி செட்டிங்கை பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி), இரண்டு சேனல் என்று இறக்கிப் பாருங்கள். பிஎஸ்3-இல் ஒலி இன்னும் ஏவிக்கே போய்க்கொண்டிருக்கலாம், ஆடியோ அவுட்புட்டில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சவுண்ட்பார் மட்டும் ஊமையானால் அதற்கும் டிவிக்கும் நடுவில் சுவிட்ச் பெட்டி வந்துவிட்டதா என்று பாருங்கள். ஏஆர்சி என்பது டிவியிலிருந்து திரும்பி ஓடும் ஒலி. சாதாரணப் பெட்டிகள் அதை விடுவதில்லை. சவுண்ட்பாரின் கேபிள் டிவிக்கு நேராகப் போக வேண்டும்.

கை அழுத்தியது ஒரு நேரம், திரையில் குதிப்பது ஒரு நேரம்

சுவிட்ச் பெட்டியைச் சந்தேகப்படாதீர்கள், அது சேர்க்கும் தாமதம் கையில் தெரியாது. டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடுங்கள். பல டிவிகளில் இது ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி. கன்சோலைப் போர்ட் மாற்றினால் பழைய போர்ட்டில் போட்ட கேம் மோட் கூடவே வராது. கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால் அதுவும் கொஞ்சம் தாமதிக்கும். 720பி, 1080பி இரண்டிலும் வைத்துப் பார்த்து, கைக்கு எது சுகமோ அதில் விடுங்கள்.

திரையின் ஓரத்தில் உயிர் எண்ணிக்கை வெட்டுப்பட்டால் படத்தின் அளவை ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று மாற்றுங்கள். இருட்டு சாம்பலாகத் தெரிந்தால் கன்சோலில் ஆர்ஜிபி ரேஞ்சை ஆட்டோவில் விடுங்கள்.

கேபிளைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். இரண்டு பின் பிளக்கில் ஓடும் டிவி, செட்டாப் பாக்ஸ், கன்சோல் எல்லாவற்றிலிருந்தும் லேசான கசிவு உலோகப் பாகத்தில் இருக்கும். டெஸ்டர் மங்கலாக எரியும். நமக்கு அது சுருக், எச்டிஎம்ஐ சிப்புக்கு அது ஆபத்து. நாலு பெட்டி ஒன்றோடொன்று கோத்திருந்தால் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு துளையில் இறங்கும். எனவே கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் எல்லாப் பிளக்கும் அணைந்திருக்கட்டும். சுருக் பலமாக இருந்தால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் பிடுங்குங்கள். அது தெருக் கம்பத்திலிருந்து வருகிறது, செட்டாப் பாக்ஸ் வழியே டிவிக்குள் நுழைகிறது.

துப்பாக்கி சுடவே இல்லை

பரணில் இருந்து டிவி கேமும் அதன் பிளாஸ்டிக் துப்பாக்கியும் கிடைத்து, கன்வெர்ட்டர் போட்டு, வாத்து திரையில் பறந்து, சுட்டால் மட்டும் ஒன்றும் விழவில்லை என்றால் துப்பாக்கி மேல் தப்பில்லை. டிரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் எதிர்பார்க்கும். பழைய குழாய் டிவியில் அது உடனே வரும். எல்சிடி கொஞ்சம் தாமதித்துக் காட்டும், அதற்குள் துப்பாக்கி "தவறு" என்று முடிவு செய்திருக்கும். எந்தக் கேபிளும் கன்வெர்ட்டரும் இதைத் தீர்க்காது.

தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ இன்னும் உயிரோடு இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஏவி துளை இருந்தால் நேராக. இல்லையென்றால் டிவி கேமின் ஆன்டெனா வயரைச் செருகி, படம் தெரியும்வரை சேனலைத் தேடுங்கள். பிஎஸ்2-வையும் அதிலேயே மாட்டிவிட்டால் பெரிய டிவியில் ஒரு எச்டிஎம்ஐ காலியாகும்.